16 புள்ளியோடு ஒரு வருடம்

முதல் சம்மன் வந்தபோது கரண்டு பில் மாதிரிதான் அதைப் பார்த்தேன். 2023 ஏப்ரல். சிங்கப்பூரில், விடிகாலையில் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு தேக்கா சந்தைக் கடைகளுக்கு வருகிற வழி. ஆயர் ராஜா விரைவுச்சாலையில் 84ல் போயிருக்கிறேன். காருக்கு அது ஒரு வேகமே இல்லை. என்னுடையது வேன், 70க்கு மேல் போகக்கூடாது என்று அதன் பின்கதவிலேயே ஒட்டியிருக்கிறது. 14 கிலோமீட்டர் கூடுதல், 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். பில் கட்டும் ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்தில் கட்டினேன், மறந்தேன். கூடவே என் லைசென்ஸ் கணக்கில் 4 குற்றப் புள்ளி ஏறியது மண்டையில் ஏறவில்லை.

நவம்பரில் சிக்னல். மஞ்சள் விழுந்ததும் நின்றிருக்கலாம். பின்னால் தக்காளிப் பெட்டிகள் ஆளுயரம் அடுக்கியிருந்தன. பிரேக்கை மிதித்தால் எல்லாம் சரிந்துவிடும் என்று காலை எடுக்காமல் போனேன். கேமராவுக்குத் தக்காளிக் கணக்கு தெரியுமா? 400 வெள்ளி, 12 புள்ளி.

வேன் மனைவி பேரில் இருக்கிறது. அதனால் அன்று வண்டி ஓட்டியவர் யார் என்று கேட்டுக் கடிதம் அவளுக்குத்தான் வந்தது. அன்று பார்த்து மச்சினன் வீட்டில் இருந்தான். "என் பேரைப் போட்டு அனுப்பிடுங்க மாமா. நான் வண்டியே தொடுறதில்ல, என் புள்ளியெல்லாம் சும்மாதானே கிடக்கு" என்றான். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கும் ஆசை வந்தது. மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. "பொய்ப் பேரு குடுத்தா ரெண்டு பேரும் உள்ள போவீங்க. அப்புறம் வேனை நான் ஓட்டவா?" அவள் சொன்னது மிரட்டல் இல்லை. அடுத்தவர் புள்ளியை ஏற்றுக்கொண்டு பொய் சொன்னவர்கள் இந்த ஊரில் சிறைக்கே போயிருக்கிறார்கள். கையைத் துடைத்துவிட்டு வந்து என் விவரத்தை அவளே நிரப்பி அனுப்பினாள்.

அன்றிரவு சிங்பாஸ் என்ற அரசு இணையக் கணக்கு வழியாகப் போலீஸ் இணையச் சேவைக்குள் போய்ப் பார்த்தேன்: 16. 24 மாதத்துக்குள் 24 புள்ளி சேர்ந்தால் 12 வாரம் லைசென்ஸ் முடக்கம். இன்னும் 8 புள்ளிதான் பாக்கி. ஓட்டும்போது கையில் போன் வைத்திருந்தால் 12. ஒரே அழைப்பில் கதை முடிந்துவிடும். ஒரு முறை முடக்கம் வாங்கியவருக்கு வரம்பு இன்னும் இறங்கிவிடும்: 12 மாதத்துக்குள் 12 புள்ளி சேர்ந்தாலே அடுத்த முடக்கம், அதுவும் 24 வாரம். ஒரு வருடமோ அதற்கு மேலோ முடக்கினால் லைசென்ஸே செல்லாது, பழையபடி தேர்வு எழுத வேண்டும். 12 வாரம் நான் வராவிட்டால் கடைக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

தப்பிக்க ஒரு வழி உண்டு. தொடர்ந்து 12 மாதம் புள்ளி விழும் தவறு எதுவும் செய்யாவிட்டால் சேர்ந்தது மொத்தமும் அழிந்துவிடும். பாதி வரம்பைத் தொட்டவர்கள் பாதுகாப்பாக ஓட்டும் பயிற்சிக்குப் போய்ச் சில புள்ளிகளைக் குறைத்துக்கொள்ளலாம்தான். வேலையை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த 12 மாதம் முடியும் நாள் 2024 நவம்பர் 18, தினசரிக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம்.

அந்த வருடம் முழுக்க மலாக்காவுக்குப் போகிற பஸ்ஸில் தூங்கும் நேரம் தவிர நிம்மதியாக எந்த வண்டியிலும் உட்கார்ந்ததில்லை. போன் டேஷ்போர்டு பெட்டிக்குள் அடங்கியது. "அண்ணே, கொத்தமல்லி சேர்த்துப் போடச் சொல்ல எத்தனை தடவ கூப்பிட்டேன்!" என்று தேக்காவில் திட்டு வாங்கினேன். பெல்ட் போடாவிட்டால் 3 புள்ளி என்பதால் கார்பேட்டைக்குள் பத்தடி நகர்த்தவும் பெல்ட். பிப்ரவரியில் வேன் கண்ணாடியில் ஒரு சம்மன் தொங்கியதைப் பார்த்து வயிறு கலங்கிவிட்டது. பார்த்தால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார்பேட்டையில் நேரம் கடந்த கட்டணம். அதற்குப் புள்ளி கிடையாது. அபராதத்தைச் சிரித்துக்கொண்டே கட்டியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

நவம்பர் 19 விடிகாலை, சந்தைக்குக் கிளம்புமுன் பார்த்தேன். பூஜ்யம்.

2026 ஜனவரி 1 முதல் அதே 14 கிலோமீட்டருக்கு 6 புள்ளி, 200 வெள்ளி. மகன் இப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருக்கிறான். முதல் வருடத்தில் 13 புள்ளி சேர்ந்தால் அவனுக்கு லைசென்ஸே ரத்து. புது ஓட்டுநர் என்று காட்டும் ஆரஞ்சு முக்கோணம் ஒட்டிய வேனில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எழுபதுடா, எழுபது" என்கிறேன். "அறுபத்தெட்டுலதாம்பா போறேன்" என்கிறான். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.