பயாப்சி அறிக்கையில் நான் தேடிப் படித்த வரி

ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு தெரிந்தது. நான் மது அருந்துவதில்லை. கொழுப்பு இருப்பதை ஸ்கேன் காட்டும். திசு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் காட்டாது. வயது, இரண்டு கல்லீரல் நொதிகள், தட்டணுக்கள் ஆகியவற்றைக் கொண்டு கல்லீரலில் தழும்பு இருக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் ஃபிப்-4 என்ற எண் எனக்கு 1.3-க்கு மேல், 2.67-க்குக் கீழ். இரண்டுங்கெட்டான் நிலை. கல்லீரலின் விறைப்பை அளக்கும் எலாஸ்டோகிராஃபியும் ஐயத்தைத் தீர்க்காததால், ஊசியால் சிறு திசுத் துண்டை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிக்குச் சம்மதித்தேன்.

விலா எலும்புகளுக்கு இடையே மரத்துப்போக ஊசி போட்டார்கள். மூச்சை அடக்கச் சொன்னார்கள், நொடியில் முடிந்தது. பிறகு வலது தோள் வலித்தது. உதரவிதானத்தின் நரம்பு வழியே வருகிற வலி அது என்று செவிலியர் சொன்ன பிறகுதான் பயம் தணிந்தது.

அறிக்கையில் முதலில் கண்ணில் பட்டது கொழுப்பு, அழற்சி, செல் சேதம் மூன்றையும் கூட்டிய மொத்த மதிப்பெண் (கூடக் கூட மோசம்): 8-க்கு 5. கொழுப்பு 33 சதவீதத்தைத் தாண்டி 66-க்குள் இருந்ததால் 2, கல்லீரலின் நுண்ணிய மடல்களுக்குள் இருந்த அழற்சிக்கு 2, சேதமடைந்து ஊதிப்போன செல்கள் சிலவே தென்பட்டதால் 1. அந்த 5 என்னை உலுக்கியது. மருத்துவரோ அதைக் கடந்து, அடுத்த வரியில் விரலை வைத்தார்: நார்த்தழும்பு, நிலை 2.

தழும்பு அந்த 8-இல் சேர்வதில்லை. 0 முதல் 4 வரை அதற்குத் தனி அளவு, 4 என்றால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுதும் தழும்பேறி இறுகிப்போன நிலை. கொழுப்பும் அழற்சியும் எடையோடு ஏறி இறங்கக்கூடியவை. நீண்ட காலத்தில் கல்லீரல் என்னவாகும் என்பதை மற்றவற்றைவிட உறுதியாகச் சொல்வது தழும்பின் நிலைதான். சிரோசிஸ் முற்றியவர்களுக்குக் கொழுப்பு மறைந்தே போகலாம். மொத்த மதிப்பெண் குறைவாக இருக்கிறது என்று அவர்கள் நிம்மதி அடைந்தால் எவ்வளவு ஆபத்து! இதை நோயாளிகளுக்கு யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

ஊசியில் வருவது கல்லீரலில் ஏறத்தாழ 50,000-இல் ஒரு பங்கு. அதனால் திசுத் துண்டின் நீளத்தையும் கேட்டறிந்தேன். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தது. அதே ஸ்லைடுகளை இன்னொரு நோய்க்குறியியல் நிபுணரிடமும் காட்டினேன். ஊதிய செல்களுக்கு அவர் 2 கொடுத்தார். இந்த இடத்தில் நிபுணர்கள் வேறுபடுவது வழக்கமாம். மொத்தம் 6 ஆனது. தழும்பு நிலை 2-இலேயே நின்றது. எடையில் 10 சதவீதம் குறைப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, எலாஸ்டோகிராஃபியைக் குறித்த இடைவெளியில் மீண்டும் எடுப்பது என்ற சிகிச்சைத் திட்டத்தில் எதுவும் மாறவில்லை.