கடைசி இரண்டு கிர்க்

"போதும் சார்" என்று நான் சொன்னேன். அது நிச்சயம். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

அவர் எங்கள் சைக்கிள் கடைக்கு வருகிறவர். அவருடைய கார்பன் இழை சைக்கிளை அவர் கார் மேலே கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். இழுக்க இழுக்க இறுகும் ராட்செட் பெல்ட்டின் பிடி அவர் கையில் இருந்தது. "காவல்கிணறு தாண்டினா ஆடிக் காத்து ஆளையே தள்ளிரும் அண்ணாச்சி. முப்பந்தல்ல காத்தாடிய சும்மாவா நட்டு வச்சிருக்கான்?" என்று சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு தடவை இழுத்தார். கிர்க், கிர்க். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மற்றதையெல்லாம் சரியாகத்தான் செய்தேன். முன்சக்கரத்தைக் கழற்றி உறையில் போட்டேன். சக்கரம் இல்லாத நேரத்தில் யாராவது பிரேக்கைப் பிடித்துவிட்டால் பிரேக்குக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே வந்து, சக்கரத் தட்டைக் கவ்வுகிற பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதனால் நடுவில் அட்டையை மடித்துச் சொருகினேன். பெடல்களைக் கழற்றினேன். இடது பெடலுக்கு மரை தலைகீழ் என்று அவருக்குக் காட்டவும் செய்தேன். கேரியரில் பழைய ஜமுக்காளத்தை விரித்து, கியர் மாற்றுகிற டெரெய்லர் மேலே இருக்கும்படி இடப்பக்கமாகப் படுக்க வைத்தேன். பின் சீட்டை மடித்து வண்டிக்குள்ளேயே வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அங்கே அவர் வீட்டம்மாவும் பிள்ளையும் உட்கார்ந்தாயிற்று. நாகர்கோவிலில் மாமனார் வீடு.

ஜமுக்காளத்துக்கு அடியில் கேரியரின் இரும்புக் கம்பி. அதற்கு நேர் மேலே டாப் டியூப், சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் ஓடும் ஃபிரேமின் மேல்குழாய். அதற்கும் மேலே பெல்ட். பெல்ட் சக்கரத்தின் மேல்தான் போக வேண்டும், ஃபிரேமின் மேல் போகக் கூடாது. இது எனக்குத் தெரியாததா? பின்சக்கரத்தில் ஒன்றைப் போட்டாயிற்று, முன்னால் சக்கரம் இல்லை, இன்னொன்றை எங்கே போடுவது? பழைய ரப்பர் டியூபை வெட்டி ஹேண்டில்பாரைக் கட்டியிருக்கலாம். இது மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது தோன்றியது.

அன்று காலையில்தான் சீட்டைத் தாங்குகிற குழாயான சீட் போஸ்ட்டுக்கு கார்பன் பேஸ்ட் தடவி, முடுக்கை அளக்கிற டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கினேன். கிரீஸ் தடவினால் வழுக்கும். வழுக்குகிறதே என்று இன்னும் முடுக்கினால் நொறுங்கும். மணல் மாதிரி நறநறக்கும் அந்தப் பேஸ்ட் இருந்தால் குறைந்த முடுக்கிலேயே பிடித்துக்கொள்ளும். கிளாம்பில் 5 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தது. 5 வந்ததும் ரெஞ்ச் டிக் என்றது, கையை எடுத்துவிட்டேன். டாப் டியூபில் எந்த எண்ணும் போட்டிருக்காது. ஆள் உட்காருகிற பாரத்தையும் ரோட்டின் அதிர்ச்சியையும் தாங்கத்தான் அந்த இழைகளை அடுக்கியிருக்கிறார்கள். ஒரே இடத்தில் மேலும் கீழுமாக நெரித்தால், அது முட்டை ஓடுதான். பெல்ட்டுக்கு டிக் சத்தமும் கிடையாது. நான்தான் இருந்தேன்.

திங்கட்கிழமை வந்தார். டாப் டியூபின் அடியில், நக நீளத்துக்கு ஒரு கோடு. பெயின்ட்டாகவும் இருக்கலாம் என்று ஒரு ரூபாய்க் காசை எடுத்துத் தட்டிக்கொண்டே போனேன். உள்ளே இழை விட்டிருந்தால் சத்தம் மங்கும். டக், டக், டக். கோட்டுக்குப் பக்கத்தில் டொப். இன்னொரு தடவை தட்டினேன். அவருக்கும் கேட்டது.

"இது முன்னாடியே இருந்திச்சா அண்ணாச்சி?"

"தெரியல சார்."

இதைத்தான் இத்தனை நாளாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். பொய்யென்று சொல்ல முடியாது. ஞாயிறு காலை அவர் அங்கே ஓட்டியிருக்கிறார். ஏதாவது குழியில் இறக்கியிருக்கலாம். போன வருஷம் ஒரு தடவை விழுந்ததாகவும் சொல்லியிருக்கிறார். கார்பனில் அடி உள்ளேயே ஒளிந்திருந்து வெகுநாள் கழித்து வெளியே தெரிவதும் உண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை அந்த ஃபிரேமைத் துடைத்தவன் நான். அடிப்பக்கம் உட்படத் துடைத்தேன். துடைத்தேன், பார்த்தேனா?

முதலாளியிடம் சொன்னேன். "பெல்ட்டு அவரோடது, கையும் அவரோடது. ஒனக்கென்னல?" என்றார். நியாயம்தான். அவர் இழுத்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு? ஆனால் ஒரு சின்னப் பையன் அப்படி இழுத்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பேன். படித்தவர், காசு கொடுக்கிறவர், மரியாதையாக அண்ணாச்சி என்கிறவர். அந்த அண்ணாச்சியில்தான் வாய் அடைத்துப் போனதோ என்னவோ.

இரும்பு சைக்கிளில் வேலை பழகிய ஆள் நான். பஸ் மேலே கயிற்றைப் போட்டு, காலை ஊன்றி இழுத்துக் கட்டுவோம். சொட்டை விழுந்தால் கண்ணுக்குத் தெரியும், வளைந்தால் நிமிர்த்துவோம். கட்டு இறுக இறுகத்தான் பத்திரம் என்பது கையில் ஊறிக் கிடக்கிறது. அன்று அவர் இழுத்தபோது என் கைக்கும் அது சரியென்றுதான் பட்டிருக்க வேண்டும்.

அந்த ஃபிரேமில் இனி ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விரிசலைச் சுரண்டி, புது அடுக்கு சுற்றி ஒட்டித் தருகிறவர்கள் உண்டு, அனுப்பலாம் என்றும் சொன்னேன். பார்க்கலாம் என்றார். ஃபிரேம் கடையில்தான் தொங்குகிறது. அவர் இப்போது பழைய அலுமினிய சைக்கிளில் வருகிறார். காற்று அடித்துக்கொள்கிறார், செயினுக்கு எண்ணெய் விடச் சொல்கிறார். மேலே தொங்குவதை அவரும் பார்ப்பதில்லை, நானும் பேச்செடுப்பதில்லை. அவர் போன பிறகு சில நாள் காசை எடுத்துத் தட்டிப் பார்ப்பேன். டொப் என்றுதான் கேட்கிறது. ஒருநாள் டக் என்று கேட்ட மாதிரி இருந்தது.