சுகருக்காக ஜிம்மில் சேரப் போகிறீர்களா? என் ஒன்பதாயிரம் போன கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்

என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று முதல் நாளே கேட்காத பயிற்சியாளரிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். நான் கட்டினேன், ஒன்பதாயிரம். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

எனக்கு வயது 47. திருவாரூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். காலையில் மெஷினில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு எழுவதுதான், மறுபடி உட்கார்ந்தால் இருட்டிவிடும். சுகர் வந்து ஆறு வருஷமாகிறது. இந்த ஏப்ரலில் மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட் (HbA1c) எடுத்ததில் 8.6 சதவீதம் காட்டியது. டாக்டர் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு என்று இன்னொரு மாத்திரையும் சேர்த்து எழுதி, "கட்டாயம் உடற்பயிற்சி செய்யணும்மா" என்றார். சரி என்று பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு ஜிம்முக்குப் போனேன். மாதம் ஆயிரம், வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் ஒன்பதாயிரம் என்றார்கள், கட்டிவிட்டேன். எடை பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். ஓட்ஸ், ப்ரோக்கோலி, வேகவைத்த கோழி, அரிசி கூடவே கூடாது. நெல் விளைகிற ஊரில் பிறந்து மூன்று வேளையும் சோறு சாப்பிட்டு வளர்ந்தவளிடம், என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்த தாள் அது. மூன்று மாதத்தில் மாத்திரையையே நிறுத்திவிடலாம் என்று வேறு சொன்னார் அந்தப் பயிற்சியாளர். அப்போது அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒன்பதாவது நாள். காலை ஐந்தரை மணி, வெறும் வயிறு, மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு போயிருந்தேன். முக்கால் மணி நேரம் போனதும் கை நடுங்க ஆரம்பித்தது. வியர்வை வழக்கமான வியர்வை இல்லை, சில்லென்று கழுத்தில் இறங்கியது. கண்ணாடியில் என் முகமே எனக்குத் தூரத்தில் தெரிந்தது. "ஒரு மாதிரி இருக்கு தம்பி" என்றால், "கொழுப்பு கரையுதுக்கா, விடாதீங்க, இன்னும் ஒரு செட்டு" என்றார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதிர் டீக்கடையிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தார். அவர் யாரென்றே தெரியாது. நன்றாயிருக்கட்டும்.

டாக்டர் திட்டின திட்டு கொஞ்சமில்லை. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் உடம்பை வருத்தினால் சுகர் திடீரென்று இறங்கிவிடும், விரலில் குத்திப் பார்க்கும் சுகர் 70-க்குக் கீழே போனால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார். அந்த மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும் என்பதையும் அன்றுதான் ஒழுங்காகக் காதில் வாங்கினேன். இப்போதெல்லாம் கைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் "கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது" என்று இருப்பதைக் காட்டினார்கள். மூன்று தடவை அலைந்தேன். கடைசியில் மீதி மாதங்களை என் அண்ணன் மகன் பேருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருந்ததால் அதுவாவது நடந்தது, நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் இந்தப் பெண் கிடைத்தாள். என்னிடம் ப்ளவுஸ் தைக்கக் கொடுப்பவள், உடற்கல்வி படித்துவிட்டு வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கிறாள். கேட்டதுமே, "டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்கக்கா, அது இல்லாம ஆரம்பிக்க மாட்டேன்" என்றாள். இதற்கு மூன்று நாள் போனது. முதல் நாள் டாக்டர் லீவு. இரண்டாம் நாள் பழைய மருந்துச் சீட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன், சீட்டு கொடுக்கும் இடத்தில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "நாளைக்கு வாங்க" என்றார். மூன்றாம் நாள் பழைய சீட்டு, ரத்த ரிப்போர்ட், ஆதார் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போனேன், பத்து நிமிடத்தில் முடிந்தது.

முதல் நாள் வந்தவள் ஒரு பயிற்சிகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. தையல் மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேள்வியாகக் கேட்டாள். எத்தனை மணிக்கு எழுவீர்கள், டீக்கு எத்தனை ஸ்பூன், முட்டி வலி உண்டா, வீட்டில் யார் சமையல்.

"என்ன மாத்தணும்னு நெனைக்கிறீங்கக்கா?"

"எல்லாத்தையும்தான்."

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்றேன். அதைச் செய்ய முடியும் என்று பத்துக்கு எவ்வளவு நம்பிக்கை என்று கேட்டாள். நாலு என்றேன். திட்டப்போகிறாள் என்று நினைத்தால், "ஏன் நாலு? ரெண்டுன்னு சொல்லலையே?" என்றாள். கொஞ்ச நேரம் யோசித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் மன்னார்குடியில் இருந்தபோது காலேஜுக்குத் தினமும் நடந்துதான் போய் வருவேன், நடை எனக்குப் பிடிக்கும் என்பதே மறந்து போயிருந்தது. அதை என் வாயாலேயே சொன்னேன். "எவ்வளவு நேரம்னா எட்டுன்னு சொல்வீங்க?" சாயங்காலம் பத்து நிமிடம் என்றால் எட்டு என்றேன். "சரி, பத்து நிமிஷம்." இரண்டு வாரத்துக்கு அவ்வளவுதான் வேலை.

இப்படிக் கேட்பதே ஒரு முறையாம். 1983-ல் வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் குடிப்பழக்கத்தில் மாட்டியவர்களை வைத்து இதைப் பற்றி முதலில் எழுதியிருக்கிறார். மாறு மாறு என்று நாம் அழுத்தினால் எதிராளி மாறாமல் இருப்பதற்குத்தான் காரணம் தேடுவார், அவர் வாயாலேயே மாறுவதற்கான காரணத்தை வரவழைக்க வேண்டும் என்று இவள் விளக்கினாள். அந்த ஜிம்மில் எனக்கு நடந்தது அந்த அழுத்தல்தான்.

நடைக்குக் கமலாலயம் குளக்கரை. முதலில் கால் சுற்று போய்த் திரும்புவேன். ஆகஸ்டில் முழுச் சுற்று வந்துவிட்டது, சுமார் இருபது நிமிடம் ஆகும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகநடை மாதிரி மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, ஆனால் அந்த எண்ணை அவள் என்னிடம் சொன்னதே மூன்றாவது மாதத்தில்தான், அதற்குள் நான் 120-ஐத் தொட்டிருந்தேன். டீயில் போடும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைந்துகொண்டே வந்தது. சோற்றைப் பற்றிக் கேட்டதற்கு, "அதை நான் சொல்லக் கூடாதுக்கா, ஆஸ்பத்திரியில டயட்டீஷியனைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டாள். அவர் சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று கரண்டியை இரண்டாக்கி, கீரையும் கூட்டும் அதிகம் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

பிறகு தீபாவளி வந்தது. எங்கள் தொழிலில் அதற்கு முந்தைய மூன்று வாரம் தூக்கமே கிடையாது. கூடவே மழை வேறு பிடித்துக்கொண்டது. பதினேழு நாள் நடக்கவில்லை, கூலி கொடுக்க வந்தவர்களின் பலகாரத்தையும் விடவில்லை. வெட்கத்தில் அவள் போனைக்கூட எடுக்கவில்லை. அவள் கடைக்கே வந்துவிட்டாள். ஏன் போகவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மெஷினை விட்டு எழுந்திரிக்கவே முடியாத நாள்ல என்னதான் செய்யலாம்?" என்று கேட்டு, நான் தைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாபினில் நூல் தீர்ந்தது. புது நூல் சுற்ற நான் கையை நீட்டியதும், "இதுதான்க்கா" என்றாள். பாபின் தீரும்போதெல்லாம் நாற்காலியை விட்டுப் பத்து தடவை எழுந்து உட்கார வேண்டும், அதற்குப் பிறகுதான் புது பாபின். தீபாவளி வேலையில் பாபின் எத்தனை தீரும் என்று தையல்காரர்களுக்குத் தெரியும். சாயங்காலம் தொடை விண்ணென்று வலித்தது, ஆனால் ஒன்றையும் விட்டுவிடவில்லை என்ற நிம்மதியும் இருந்தது.

போன வாரம் டெஸ்ட் எடுத்தேன், 7.4. மாத்திரை அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் சொல்லாமல் ஒன்றையும் குறைக்கவில்லை, நீங்களும் யார் பேச்சைக் கேட்டும் குறைக்காதீர்கள். பயிற்சியாளரிடம் மாதாமாதம் மட்டும் பணம் கொடுங்கள். முதல் நாளே உங்களைப் பேசவிடுகிறாரா, அவரே பேசிக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

இரவுச் சாப்பாடு மட்டும் எனக்கு இன்னும் பத்து மணிக்குத்தான். எட்டு மணிக்கு மாற்ற முடியுமா, பத்துக்கு எவ்வளவு என்று முந்தாநாள் கேட்டாள். மூணு என்றேன். "சரிக்கா, பொங்கல் தையல் முடியட்டும், மறுபடி கேக்குறேன்" என்று நோட்டில் குறித்துக்கொண்டு போயிருக்கிறாள்.