எந்தக் கட்டையில் பாடுவது?

நெல்லைப் பக்கம் ஒரு சின்ன ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளராக இருக்கிறேன். வருகிற வேலையில் பெரும்பகுதி கிறிஸ்தவப் பாடல்கள்தான். கீர்த்தனை பாடும் பாட்டிகளும் கிட்டாரோடு வரும் கல்லூரிப் பிள்ளைகளும் ஒரே மைக் முன்னால் நிற்பார்கள். தலைமுறைக்குத் தலைமுறை பாட்டு மாறுவதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம், சபையார் அதை எதிலிருந்து கற்றுக்கொள்கிறார்கள் என்பதில்தான் என் மனம் போய் நிற்கும்.

நெல்லையில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), ஊரார் ஏற்கெனவே கேட்டுப் பழகிய குறவஞ்சியையும் கீர்த்தனையையும் எடுத்துக்கொண்டு வேதாகமத்தைப் பாடினார். இன்றும் கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். ஒருமுறை வயதான அம்மா ஒருவர் ஆதி தாளக் கீர்த்தனை பாட வந்தார். ஹெட்போனில் கிளிக், அதாவது வேகம் மாறாமலிருக்க ஒலிக்கும் டிக் டிக் சத்தம், போட்டுக் கொடுத்தோம். "தம்பி, காதுக்குள்ள டிக்கு டிக்குன்னு அடிக்குது, எடுத்துருய்யா" என்று கழற்றி வைத்துவிட்டார். தொடையில் தாளம் போட்டபடி, சமத்துக்கு, அதாவது தாளத்தின் முதல் அடிக்கு, அரை இடம் தள்ளிப் பாட்டை எடுத்தார். கடைசிச் சரணம் வரை எங்கேயும் பிசகவில்லை. அதே கீர்த்தனையை அப்புறம் ஒரு வாலிபர் குழு டிரம்ஸ் லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் டிரம்ஸ் துண்டு) வைத்துப் பாடியது. லூப்புக்கு வசதியாக முதல் அடியிலேயே எடுத்தார்கள். அழுத்தம் இடம் மாறி, சொற்கள் பாதியில் உடைந்தன. கேட்க மனசு கஷ்டமாக இருந்தது.

ஆங்கில, ஜெர்மன் மெட்டுகளோடு வந்த பாமாலைகளைப் பதிவு செய்ய இப்போது அதிகம் பேர் வருவதில்லை. ஒரே பாட்டில் உயர்ந்தும் தாழ்ந்தும் சேர்ந்து ஒலிக்கும் நான்கு குரலையும் பழக்க ஆளும் நேரமும் வேண்டுமே.

பெரிய திருப்பம் கேசட்தான். ஃபாதர் பெர்க்மான்ஸின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் என்ற பாடல் கேசட்டுகள் வரிசையாக வந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட இரண்டு தடவை கேட்டுவிட்டுப் பாடினார்கள். சின்னச் சின்ன வரிகள், கைதட்டலுக்கு ஏற்ற நடை, எல்லோருக்கும் எட்டுகிற சுருதி. இதில் என்ன சங்கீதம் இருக்கிறது என்று கேட்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு சபை முழுவதையும் வாய்விட்டுப் பாட வைப்பது லேசான வேலையா?

இப்போது பாட்டு யூடியூபிலிருந்து சபைக்கு வருகிறது. கீபோர்டு பேட் (பின்னணியில் நீண்டு ஒலிக்கும் மெல்லிய ஒலி) மேல் மெதுவாகத் தொடங்கி, நான்கு கார்டுகளையே (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகளையே) சுற்றிச் சுற்றி வந்து, பிரிட்ஜ் என்கிற பிற்பகுதியில் ஒரேயடியாக ஏறும். ஒலி அருமையாக இருக்கிறது. பிள்ளைகள் உண்மையாகவே உழைக்கிறார்கள், பக்தியிலும் குறையில்லை. ஆனால் தனிக்குரல் எடுப்பாகக் கேட்க வேண்டும் என்று ஸ்கேலை, அதாவது பாடும் கட்டையை, ஏற்றிவிடுகிறார்கள். பயிற்சியுள்ள பாடகர் ஸ்டூடியோவில் பல டேக் எடுத்துத் தொடுகிற உச்சியை, ஞாயிறு காலை பெஞ்சில் இருக்கிறவர் எப்படித் தொடுவார்? திரையில் வரிகள் ஓடுகின்றன, மேடை பாடுகிறது, கீழே முக்கால்வாசிப் பேர் சும்மா நிற்கிறார்கள். கீர்த்தனை போய் கிட்டார் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. பாடிக்கொண்டிருந்த சபை கேட்கிற கூட்டமாக மாறிவிடுமோ என்பதுதான் என் பயம்.

அதனால் பதிவுக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே ஸ்கேலைப் பற்றிப் பேச்செடுத்துவிடுகிறேன். "இறக்கினா ஃபீல் போயிடும்ணே" என்பார்கள். சரி, அவர்கள் கேட்ட ஸ்கேலிலேயே குரலைப் பதிவு செய்கிறேன். ஆனால் மைனஸ் டிராக் (குரல் இல்லாத, இசை மட்டும் உள்ள பதிவு) கொடுக்கும்போது, சுருதி இறக்கிய இன்னொன்றையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறேன். கிராமத்துச் சபைகளிலிருந்து போன் வந்தால், பெரும்பாலும் அந்த இறக்கிய டிராக்கைத்தான் கேட்கிறார்கள்.