பழைய புத்தகத்தைக் கட்டிங் மெஷினுக்குக் கொடுக்காதீர்கள்

18ஆம் நூற்றாண்டுப் புத்தகம் என்றாலே தொட்டால் உதிர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நேர்மாறு. அந்தக் காலத்துக் காகிதம் கந்தல் துணியைக் கூழாக்கிச் செய்தது; ஈரமும் ராமபாணப் பூச்சியும் அண்டாமல் இருந்தால் இன்றைக்கும் வளைத்தால் வளையும். தாத்தா வாங்கி வைத்த 1930களின் மரக்கூழ்த் தாள்தான் அப்பளமாக நொறுங்குகிறது.

நம்ம வடசென்னைப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தப் பழைய புத்தகங்களில் கொஞ்சம் உரிமையும் உண்டு. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரத்தைத் தூக்கி வந்து, கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) வேலையையும் அச்சடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு வேப்பேரியில் இருந்த பாப்ரீசியுஸ் பாதிரியாரிடம் கொடுத்தார்கள். அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் அங்கேதான் அச்சானது. (வேப்பேரி எப்படி வடசென்னை என்று சண்டைக்கு வராதீர்கள், ராயபுரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் பக்கம்தான்.)

பூச்சியை விட எனக்கு பயம் நம்முடைய அக்கறை மேல்தான். நண்பர் ஒருவர் வீட்டுப் பழைய ஜெபப் புத்தகத்தை ஆசையாக பைண்டிங்குக்குக் கொடுத்தார். கடைக்காரர் ஓரம் சமமாக இருக்கட்டும் என்று மூன்று பக்கமும் வெட்டித் தள்ளிவிட்டார். ஓரத்தில் மையால் யாரோ எழுதி வைத்திருந்த குடும்பக் கணக்கில் ‘ஞானஸ்நானம்’ இருக்கிறது, ‘கலியாணம்’ இருக்கிறது, வருஷம் மட்டும் 18 என்பதோடு நிற்கிறது. போனது போனதுதான். செல்லோடேப்பும் அப்படித்தான், ஒட்டின இடம் சில வருஷத்தில் பழுப்பேறிவிடும், அப்புறம் பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும்.

மறுபதிப்பு போடுகிறவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். தயவுசெய்து முதலில் பக்கத்தை அப்படியே ஸ்கேன் எடுத்துப் போடுங்கள், டைப் அடிப்பதெல்லாம் அப்புறம். 1715இல் முடிந்த தரங்கம்பாடிப் புதிய ஏற்பாடு மாதிரியான அச்சுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, ரகரமும் (ர) காலும் (ா) ஒரே உருவம், ‘பரவை’யா ‘பாவை’யா என்று இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். இன்றைய எழுத்தில் அடிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் யாரோ ஒருவர் இதை முடிவு செய்கிறார். அவர் சரியாகத்தான் செய்திருக்கிறாரா என்று பார்க்க, இடது பக்கம் பழைய பக்கமும் வலது பக்கம் புதிய எழுத்துமாகப் போட்டால் போதும். பக்கம் இரண்டு மடங்காகும், விலை ஏறும், சரி. அட்டையில் தங்க எழுத்து வேண்டாமே, அந்தக் காசை இதற்குப் போடலாம்.