பெரியம்மா வீட்டைக் காலி செய்தபோது

பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. பெரியப்பா முன்பே போய்விட்டார். பினாங்கு ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி வீட்டுச் சாவி என்னிடம் வந்ததற்கு நான் பக்கத்தில் ஆயர் ஈத்தாமில் இருப்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை எதையும் நகர்த்தக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். பாதி சாங்கியம், பாதி நல்ல புத்தி. அழுத கண்ணோடு பீரோவைத் திறந்தால் எல்லாமே வேண்டும் என்று தோன்றும், இல்லையென்றால் எதுவுமே வேண்டாம் என்று தோன்றும்.

கோலாலம்பூரில் இருக்கும் மாமாவுக்கு அவசரம். "லோரிக்குச் சொல்லி எல்லாத்தையும் அள்ளிப் போட்ரு. அங்க என்ன இருக்கப் போவுது?" என்றார். நான் ஒன்றில்தான் பிடிவாதமாக இருந்தேன். தட்டுமுட்டுச் சாமான் எப்போது வேண்டுமானாலும் போகலாம், காகிதம் என்று ஒரு துண்டு இருந்தாலும் பிரித்துப் பார்க்காமல் வாசலைத் தாண்டக் கூடாது.

பெரியம்மா பொது மருத்துவமனையில் அட்டெண்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு இடத்தில் வைப்பார். பி.எஸ்.என். வங்கிச் சேமிப்புப் புத்தகம் அரிசிப் பானைக்கு அடியில். வீட்டு கிராண்ட், அதாவது உரிமைப் பத்திரம், சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பின்னால். கூறைப் புடவை மடிப்பில் ஒரு ஐந்நூறு ரிங்கிட் நோட்டு, நாலாக மடித்து, அந்துருண்டை வாசத்தோடு. 1999 ஜூலை 1 முதல் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் ஏன் வைத்திருந்தார் என்று அம்மாவுக்கும் விளங்கவில்லை.

பிஸ்கட் டின்னில்தான் முக்கியமானது கிடைத்தது. பழைய தண்ணீர் பில்களுக்கு நடுவே ஓர் அடகுச் சீட்டு: இரண்டு வளையல், ஒரு சங்கிலி. இங்கே அடகுக்குத் தவணை ஆறு மாதம், வட்டி மாதத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கெடு முடியச் சில நாள்தான் இருந்தது. சீட்டைக் காட்டி, அசலும் வட்டியும் கட்டி மீட்டோம். மாமா சொன்னபடி லோரியில் ஏற்றியிருந்தால் அந்த டின்னும் சேர்ந்தே போயிருக்கும். அதற்குப் பிறகு அவர் லோரிப் பேச்சை எடுக்கவில்லை.

அதே டின்னில் பெரியப்பாவின் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கப் புத்தகமும் இருந்தது. 1960இல் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கியது. ரப்பர் தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்ட காலத்தில் பாட்டாளிகள் சம்பளத்திலிருந்து பத்துப் பத்து வெள்ளியாக, அதாவது ரிங்கிட்டாக, போட்டுச் சேர்ந்த சங்கம். அதை மாமாவே கோலாலம்பூரில் சங்கத்தின் அலுவலகம் இருக்கும் விஸ்மா துன் சம்பந்தனுக்கு எடுத்துப் போனார். பெரியப்பா நியமித்திருந்தது பெரியம்மாவை. இப்போது அவரும் இல்லாததால் அதுவும் சொத்துக் கணக்கில் சேருகிறது.

அலுவலக வேலைகளில் முதல் வேலை பதிவிலாகா. இறப்புப் பத்திரம் இல்லாமல் எங்கும் ஒன்றும் நடக்காது. பத்துப் பிரதி எடுத்து உறுதிப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள், எல்லா முகப்பிலும் ஒன்று கேட்பார்கள். அடுத்து பென்ஷன் பிரிவு. இறந்த பிறகு கணக்கில் விழும் பென்ஷனைத் திருப்பிக் கட்டியாக வேண்டும். ஏ.டி.எம். கார்டும் ரகசிய எண்ணும் தெரிந்த சொந்தக்காரர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டிலும் இருந்தார். கார்டை நான் வாங்கிப் பூட்டி வைத்தேன். கொஞ்ச நாள் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பரவாயில்லை.

உயில் எழுதவில்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958 பங்கீட்டுச் சட்டம்தான். கணவர், பிள்ளை, பெற்றோர் யாரும் இல்லை என்றால் உடன்பிறந்தவர்களுக்குச் சமபங்கு. அதாவது அம்மாவுக்குப் பாதி, மாமாவுக்குப் பாதி. வீடு இருப்பதால் சிறு சொத்து விண்ணப்பம் போட்டோம், எல்லாரும் 'புசாக்கா கெச்சில்' என்பார்களே அதுதான். முன்பு இருபது லட்சம் ரிங்கிட் வரைதான் இந்த வழி. 2024 ஜூலையிலிருந்து ஐம்பது லட்சம் வரை. வழக்கறிஞர் கட்டாயமில்லை, பாரம் 'ஏ'யை நாமே நிரப்பலாம். மலாய் நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்தால் நிம்மதி.

மிச்சமெல்லாம் சாமான்தான். பிரிக்காத நீரிழிவு மாத்திரை ஒரு பை நிறைய இருந்தது. மருத்துவமனை மருந்தகத்திலேயே திரும்ப வாங்கிக்கொண்டார்கள், குப்பையில் கொட்ட வேண்டியதில்லை. நல்ல சேலைகளை அம்மா தோழிகளுக்குக் கொடுத்தார். பித்தளைக் குத்துவிளக்கை எதிர்வீட்டு சீன ஆன்டி கேட்டு வாங்கிக்கொண்டார், இருபது வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். 'சூராட் காபார் லாமா' (பழைய பத்திரிகை) என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லோரிக்குப் பத்திரிகைக் கட்டுகள் போயின.

அம்மிக்கல்லை லோரிக்காரர் தொடக்கூட இல்லை. அதை மாடியிலிருந்து யார் இறக்குவது, இறக்கி யார் வீட்டில் வைப்பது என்று அம்மாவும் மாமாவும் போனில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.