எவ்வளவு நேரத்துக்கு அண்ணை?

"தங்கச்சி, கொஞ்சம் சிரியுங்கோ. மேல கமெரா இருக்கு."

"எவ்வளவு நேரத்துக்கு அண்ணை?"

நக்கலாகக் கேட்டாளா, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாளா என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. எத்தனையாம் நம்பர் அறைச் சாவி என்று கேட்கிற அதே குரல்தான். "வானில வந்த ஆக்கள் மேல போகுமட்டும்" என்றேன். இவ்வளவுதான் நடந்தது.

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாளும் எங்கள் ஹோட்டலில் ஓர் அறை காலியாக இராது. கனடா, லண்டன், சுவிஸ் என்று வந்து இறங்குவார்கள். வாசலில் சந்தனமும் குங்குமமும் நீட்டி, முகம் மலர்ந்து நிற்க வேண்டும். மலராவிட்டால் சேர்விஸ் சார்ஜில் புள்ளி வெட்டு. பில்லில் போடும் 10 வீதத்தைப் புள்ளிக் கணக்கில்தான் பிரிக்கிறது. சீசன் மாதத்தில் அது அடிப்படைச் சம்பளத்தையே தாண்டும். கமெராவைப் பார்ப்பது முதலாளி. வெட்டுத்தாள் எழுதுவது நான்.

அந்தப் பிள்ளையின் அம்மா செத்து அன்றைக்கு 13ஆம் நாள். துக்கத்துக்கென்று எங்களிடம் தனி லீவு கிடையாது. இருந்த 7 நாள் கஷுவல் லீவும் எட்டுச்செலவோடு முடிந்துபோனது. 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியுமட்டும் துடக்கு, அதாவது தீட்டு என்று, கோயில் வீதியை விட்டுச் சுற்றுப்பாதையால் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். அவளின் கையில்தான் சந்தனக் கும்பாவைக் கொடுத்து நிறுத்தினேன். கோயிலுக்கு வெளிக்கிட்ட சனம் அதில் தொட்டுப் பூசிக்கொண்டு போனது. இதை வாசித்து யாரும் என்னோடு சண்டைக்கு வந்தாலும் வரட்டும்.

அவளின் நன்மைக்குத்தான் சொன்னேன். முதலாளி முதலில் கண்டிருந்தால் ஒரு புள்ளியோடு விட்டிருக்கமாட்டார். செத்தவீட்டுச் செலவுக்குத் தோட்டை அடகு வைத்திருந்தாள். காதுத் துளையில் ஈர்க்குத் துண்டு. பக்கத்தில் நின்றால் தெரியும். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

புக்கிங் அறையில் போனோடு இருத்தியிருக்கலாம், போனுக்கு முகம் தெரியாது. அந்த யோசனை இரவு படுத்த பிறகுதான் வந்தது என்று மனிசிக்குச் சொல்லியிருக்கிறேன். இல்லை, காலையிலேயே வந்தது. அங்கே இருந்த பெடியனுக்கு வாசலில் நின்று கதைக்க இங்கிலீஷ் காணாது என்று பேசாமல் விட்டுவிட்டேன்.

சிரித்தாள். வான்காரர் படியேறி, சாவி வாங்கி, பிள்ளைகள் ஓடித்திரிந்து முடியுமட்டும் சிரித்துக்கொண்டே நின்றாள். கடைசிச் சூட்கேஸ் லிஃப்டுக்குள் போய்க் கதவு மூடியதும் அந்தச் சிரிப்பு நின்றது. மெல்ல மெல்லக் குறையவில்லை, ஸ்விட்சை அமத்தினது போல. நான் சொன்ன நேரம் அவ்வளவுதானே. அப்படியென்றால் நக்கல் இல்லை, உண்மையாகத்தான் கேட்டிருக்கிறாள் என்று சில நாள் தோன்றும். அப்படி நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கும், அதனால் நக்கல்தான் என்று திருப்பி வைத்துக்கொள்வேன்.

அந்த மாதம் அவளுக்கு ஒரு புள்ளியும் குறையவில்லை. அதை நான் பார்த்துக்கொண்டேன்.

போன கிழமை ரெஸ்டோரண்ட் பெடியன் ஒருவனுக்கு ஒரு புள்ளி வெட்டினேன். மூஞ்சியை உம்மென்று வைத்திருந்தான். என்ன ஏது என்று கேட்கவில்லை. பல்லுக்கொதியாம், பிறகு மற்றப் பெடியள் சொன்னார்கள். தாள் அதற்குள் மேலே போய்விட்டது.